103 நாள் ஹீரோ!

தர்மபுரியில் கிரிக்கெட் பேச்செடுத்தால் தலைமுறைக்கு ஒரு பெயர் வரும். எங்க செட்டுக்கு நடராஜன். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் என்றாலும் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. அண்ணன்மார்களுக்கு டெண்டுல்கர். அதிலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஆட்களுக்கு டிராவிட் (பெங்களூரு பக்கத்துல இருக்குற பாசம்!). ஐம்பதைத் தாண்டிய பெருசுகளைக் கேட்டுப் பாருங்கள். கவாஸ்கர், கபில்தேவ், ஸ்ரீகாந்த் எல்லாரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்து, குரலை ஒரு கட்டை இறக்கி இன்னொரு பெயர் சொல்வார்கள்.

"சிவா இருந்தான் பாரு தம்பி..."

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். மெட்ராஸ் பையன், லெக் ஸ்பின்னர். எனக்குத் தெரிந்த சிவா, டி.வி-யில் கோட் போட்டுக்கொண்டு கமென்டரி சொன்னவர். அவர் பந்து போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் என்ன, என் வயசுல இருக்கிற யாருமே பார்த்திருக்க வாய்ப்பு இல்லை. ஏன்னா, அவர் கடைசி டெஸ்ட் ஆடியது 1986 ஜனவரியில்.

இந்த மேட்டருக்குள் நான் வந்ததே கால்பந்து வழியாகத்தான். ஹாஸ்டலில் எங்க ரூமுக்கு எதிர் ரூம் முழுக்க ஃபுட்பால் பைத்தியங்கள். ஒருநாள் ராத்திரி ரொனால்டினோவை வைத்து பஞ்சாயத்து. 2005 நவம்பர் 19-ம் தேதி ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்திலேயே ரெண்டு கோல் போட்டு, எதிரி டீம் ரசிகர்களையே எழுந்து நின்று கைதட்ட வைத்த ஆள். அந்த வருடம் பாலோன் டோர் விருதும் அவருக்குத்தான். அடுத்த வருட உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட இல்லை. 2008-ல், 28 வயதில், பார்சிலோனா அவரை அனுப்பியே விட்டது. "வேஸ்ட் பண்ணிட்டான்டா" என்று ஒரு கோஷ்டி. "நாலு வருஷம் சந்தோஷமா ஆடினான்ல, அது போதும்டா" என்று இன்னொரு கோஷ்டி. மெஸ் மூடுகிற வரை தீர்ப்பு வரவில்லை.

லீவில் வீட்டுக்குப் போனபோது இதை என் மாமாவிடம் சொன்னேன். மாமா ஃபுட்பால் பார்க்கிறவர் இல்லை. ஆனால் சிரித்தார். "உங்களுக்காச்சும் நாலு வருஷம்டா. எங்களுக்கு மூணு மாசம்தான்."

அந்த மூணு மாசம் என்ன என்று தோண்ட ஆரம்பித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. சிவா பிறந்தது அதே வருடம் டிசம்பர் 31. ஆக, எங்க மாவட்டத்தைவிட மூணு மாசம் சின்னவர்! 16 வயதில் ரஞ்சி ஆட வந்து, டெல்லிக்கு எதிராக ஒரு இன்னிங்ஸில் 28 ரன் கொடுத்து 7 விக்கெட். 17 வயது 118 நாளில் வெஸ்ட் இண்டீஸின் ஆன்டிகுவாவில் டெஸ்ட் அறிமுகம். வருடம் 1983. அதுவரை இந்தியாவுக்காக அவ்வளவு சின்ன வயசில் யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. 1989-ல் டெண்டுல்கர் வந்து அந்தச் சாதனையை உடைத்தார். ஆன்டிகுவாவில் சிவாவுக்கு விக்கெட் எதுவும் விழவில்லை. இப்போ பிளஸ் டூ படிக்கிற பசங்களில் ஒருத்தனை அந்த வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன்கள் முன்னால் நிறுத்தி "போடுடா பந்தை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

அடுத்த டெஸ்ட்டுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1984 நவம்பர் 28, பம்பாய். இந்திரா காந்தி சுடப்பட்டு ஒரு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. இந்தியா 31 டெஸ்ட்டாக ஒரு வெற்றிகூட இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது. உலகக் கோப்பை ஜெயித்த டீம்தான், ஆனால் டெஸ்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை. டேவிட் கோவர் தலைமையில் வந்திருந்த இங்கிலாந்துக்கு எதிராக சிவாவைக் கொண்டுவந்தார்கள். முதல் இன்னிங்ஸ் 64-க்கு 6. ரெண்டாவது இன்னிங்ஸ் 117-க்கு 6. இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி! பையனுக்கு 19 வயது முடிய இன்னும் ஒரு மாசம் பாக்கி.

மாமாவும் சிவாவும் ஒரே வயசு. அப்போ மாமா இங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். "கிளாஸுக்குப் பின்னாடி புளியமரம் இருக்கும். அதுக்குக் கீழ ஒரு டிரான்சிஸ்டர், சுத்தி இருபது பேரு. கமென்டரி இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மாத்தி மாத்தி வரும். இந்தி ஒரு எழுத்து புரியாது. ஆனா 'சிவராமகிருஷ்ணன்'னு சொல்லிட்டு சத்தம் பெருசானா விக்கெட்டுனு தெரியும். அன்னிக்கு அந்த சத்தம் வந்துகிட்டே இருந்துச்சு" என்றார். ஒரே வயசுப் பையன், நம்மள மாதிரி கறுப்பா, ஒல்லியா, தமிழ் பேசுற பையன், வெள்ளைக்காரனை ஆட்டிப்படைக்கிறான். மறுநாளிலிருந்து ஊரில் எவனும் வேகமாகப் பந்து வீசுவதில்லையாம். எல்லாருக்கும் மணிக்கட்டு சுளுக்கு!

டெல்லி டெஸ்ட்டிலும் முதல் இன்னிங்ஸில் 99-க்கு 6. ஆட்டம் தோல்விதான். ஆனாலும் சிவா தொடர்ந்து மூணு இன்னிங்ஸில் 18 விக்கெட். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டியிருக்கிறது. அஞ்சு டெஸ்ட் தொடர் முடியும்போது சிவாவின் கணக்கில் இருந்தது 23. அதாவது முதல் மூணு இன்னிங்ஸில் 18, மிச்சமிருந்த ஆட்டங்கள் எல்லாம் சேர்த்து 5. வாழ்க்கை முழுக்க அவர் ஆடியது 9 டெஸ்ட், எடுத்தது 26 விக்கெட். இந்தத் தொடருக்கு அப்புறம் மூணே மூணு விக்கெட்.

எங்கே திரும்பியது என்று தேடினால், கஷ்டமான விஷயம், நம்ம சேப்பாக்கத்தில்தான் போய் நிற்கிறது. 1985 ஜனவரி, பொங்கல் சமயம், நாலாவது டெஸ்ட். சொந்த ஊரில் சிவா. மாமாவும் மூணு ஃபிரெண்டுகளும் கிருஷ்ணகிரி போய், பெங்களூரிலிருந்து வருகிற திருவள்ளுவர் பஸ்ஸைப் பிடித்து, ராத்திரி முழுக்க நின்றுகொண்டே மெட்ராஸ் போயிருக்கிறார்கள். பார்த்தது என்ன? கிரீம் ஃபவுலர் 201. மைக் கேட்டிங் 207. இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652 டிக்ளேர்!

"விடியற வரைக்கும் பஸ்ல அவன் எத்தனை விக்கெட் எடுப்பான்னு பந்தயம் கட்டிகிட்டு போனோம். சாயங்காலம் பாத்தா தொண்டை கட்டிப்போச்சு. கத்தி கத்தி. 'ஏத்திப் போடு சிவா', 'இழுத்துப் போடு சிவா', 'கூக்ளி போடுடா'னு ஆளுக்கு ஒண்ணு. எனக்கு என்னடா தெரியும் லெக் ஸ்பின் பத்தி? நானும்தான் கத்துனேன்."

இதைச் சொன்னபோது மாமா சிரிக்கவில்லை.

ஆனாலும் உச்சம் அதற்கப்புறம்தான் வந்தது. 1985 பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் உலக சாம்பியன்ஷிப் போட்டி. ஏழு நாடு, கலர் சட்டை, ராத்திரி வெளிச்சத்தில் வெள்ளைப் பந்து. ஒரு நாள் ஆட்டத்துக்கு லெக் ஸ்பின்னர் லாயக்கில்லை என்று நினைத்திருந்த காலத்தில், சிவா அந்தப் போட்டியில் 10 விக்கெட். அதிகம் எடுத்தவர்கள் பட்டியலில் முதலிடத்தில் அவரும் ஒருத்தர். மார்ச் 10-ம் தேதி மெல்போர்னில் பாகிஸ்தானுடன் ஃபைனல். ஜாவேத் மியாண்டட் 48 ரன்னில் நங்கூரம் போட்டு நிற்கிறார். சிவா பந்தை மிதக்க விடுகிறார், மியாண்டட் இறங்கி வருகிறார், பந்து திரும்பி மட்டையைத் தாண்டிப் போகிறது, விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்ப்பைத் தட்டி விடுகிறார். கோப்பை நமக்கு. ரவி சாஸ்திரிக்கு ஆடி கார். பம்பாய் டெஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது 103-வது நாள்.

அந்த ஸ்டம்பிங்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பந்து போட்டவர் மெட்ராஸ், பிடித்தவர் பெங்களூரு. ரெண்டு ஊருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்க ஊர்க்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் விஸ்வநாத் ஆடியது மொத்தமே 3 டெஸ்ட், 22 ஒரு நாள் ஆட்டம். 1988-க்கு அப்புறம் அவரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. ஒரே பந்தில் மியாண்டடை ஏமாற்றிய ரெண்டு பேரும் மூணு வருடத்துக்குள் காணாமல் போனார்கள்.

சிவா அந்த வருடமே இலங்கை போனார், அங்கே எடுபடவில்லை. ஆஸ்திரேலியா போனார். 1986 ஜனவரி சிட்னி டெஸ்ட்டில் இந்தியா 4 விக்கெட்டுக்கு 600. கவாஸ்கர் 172, அமர்நாத் 138, நம்ம ஸ்ரீகாந்த் 116. எல்லாரும் கொண்டாடிய அந்த ஆட்டம்தான் சிவாவின் கடைசி டெஸ்ட். 20 வயது முடிந்து சில நாள். 1987 உலகக் கோப்பைக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள், அத்தோடு சரி. 1987-88-ல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை ஜெயித்த அணியில் சிவா இருந்தார். ஆனால் அந்தக் காலகட்டத்தில் அவர் பந்தைவிட பேட்டைத்தான் அதிகம் நம்பினார்.

எனக்கு இப்போ 20. மெக்கானிக்கல் மூணாவது வருடம். பிளேஸ்மென்ட் பேச்சே இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை. அந்த வயசில் ஒருத்தர் 'முன்னாள் நட்சத்திரம்' ஆகிவிட்டார் என்றால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

ஏன் இப்படி ஆச்சு? நாலு ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் மூணு பெருசுகளிடம் கேட்டேன். மூணு பேரிடமும் நாலு காரணம் இருந்தது! அதில் பாதி அச்சில் ஏற்ற முடியாத டீக்கடைச் சரக்கு. அவர்களில் ஒருத்தரும் சிவாவை நேரில் பார்த்ததுகூட இல்லை என்பதால் அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

எனக்குத் தெரிந்த ஏரியாவில் நின்று சொல்கிறேன். லெக் ஸ்பின் என்பது ரொம்ப நாசூக்கான மெக்கானிசம். பந்துக்கு மேல்சுழற்சி இருந்தால் அது காற்றில் மேலே போய், பேட்ஸ்மேன் எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே சட்டென்று விழும். மேக்னஸ் விளைவு என்று ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் படிக்கிறோமே, அதேதான். சிவாவின் பலமே இந்த வளைவுதான் என்கிறார்கள் பார்த்தவர்கள். கூக்ளிக்கு மணிக்கட்டை இன்னும் திருப்ப வேண்டும், புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கிற மாதிரி. இதெல்லாம் விரலும் மணிக்கட்டும் தோளும் ஒரே நொடியில் சேர்ந்து செய்கிற வேலை. அடி விழ ஆரம்பித்ததும் மனுசன் இயல்பாக என்ன செய்வான்? கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் தட்டையாகப் போடுவான். அப்படிப் போட்டால் பந்து விழ நேரம் இருக்காது. ஏமாற்றுகிற சாமானே போய்விடும். அது போனதும் இன்னும் அடி விழும். போதாததுக்கு 17-லிருந்து 20-க்குள் உடம்பே மாறுகிற வயசு. இத்தனையையும் சரிசெய்ய, பக்கத்தில் ஒரே ஒரு ஆள், வருடக்கணக்கில் ஒரே ஆள், உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஷேன் வார்னேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜனவரி, அதே சிட்னி மைதானம், அதே இந்தியா. வார்னேயின் முதல் டெஸ்ட்டில் 150 ரன் கொடுத்து 1 விக்கெட். அடுத்த டெஸ்ட்டில் 78 கொடுத்து ஒன்றும் இல்லை. ஊரே சிரிக்க வேண்டிய ஆரம்பம். ஆனால் அவருக்கு டெரி ஜென்னர் என்று ஒரு கோச் இருந்தார், திரும்பி வர அவகாசமும் இருந்தது. முடிக்கும்போது 708 விக்கெட். வார்னே முதல் டெஸ்ட் ஆடியது 22 வயசில். சிவா 22-ஐத் தொட்டபோது, அவர் கடைசி டெஸ்ட் ஆடி ரெண்டு வருடம் ஆகியிருந்தது.

அதே சமயம், 1988 ஜனவரியில், சேப்பாக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? நரேந்திர ஹிர்வானி என்று இன்னொரு 19 வயசு லெக் ஸ்பின்னர் வந்து, முதல் டெஸ்ட்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டை 136 ரன்னுக்குக் காலி செய்தார். ஊர் கொண்டாடியது. அவரும் 17 டெஸ்ட்டோடு முடிந்தார். ஒரு பையனைத் தூக்கித் தோளில் வைக்க நமக்கு எப்பவும் ஆள் இருந்திருக்கிறது. இறக்கி விடுகிற நேரத்தில்தான் ஆளைக் காணோம்.

இன்னொரு விஷயம் டீக்கடையில் யாரும் சொல்லவில்லை, சிவாவே சொன்னார். 2021-ல், இங்கிலாந்து கிரிக்கெட்டில் இனப் பாகுபாடு பற்றிப் பெரிய சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தபோது, தன் நிறத்துக்காக வாழ்க்கை முழுக்கத் தான் பாகுபாடு பார்க்கப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். அதுவும் சொந்த நாட்டிலேயே என்று. 55 வயசில் சொல்கிறார். 17 வயசில் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த பையன் அதை யாரிடம் சொல்லியிருப்பான்? "நம்மள மாதிரி கறுப்பா" என்று மாமாவின் செட் பெருமைப்பட்டதும் அதே நிறத்தைப் பார்த்துத்தான். அந்த ட்வீட்டை மாமாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை.

எங்க ஏரியாவிலும் ஒரு அண்ணன் இருக்கிறார். இடது கை ஸ்பின். ஸ்கூல் படிக்கும்போதே சுத்துப்பட்டு டோர்னமென்ட்டுகளில் அவர் பெயரைச் சொன்னால் எதிர் டீம் டாஸ் போடும்போதே முகம் சுருங்கும். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பைக் போட்டு வந்து கூட்டிப் போவார்கள். ஜெயித்தால் அவருக்குப் பிரியாணி, ஊருக்கு ஆட்டுக்கிடா! "இவன் இந்தியாவுக்கு ஆடுவான்" என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சேலம் போய் ஒரு செலெக்‌ஷனில் கலந்துகொண்டார், வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. ஆக்‌ஷனை மாத்து, ரன்-அப்பைக் குறை, கோயிலுக்குப் போ என்று ஆளுக்கு ஒரு யோசனை. இப்போ ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தாலும் கிரவுண்ட் பக்கம் வருவதில்லை. ஏன் என்று இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறை கேட்டேன்.

"வந்தா பந்தைக் கையில குடுத்துருவாங்கடா. ஒரு ஓவர் போடுணா, பழைய மாதிரி ஒரு பந்து போடுணான்னு. போட்டா, 'ப்ச், எப்படி இருந்த ஆளு'ம்பாங்க. போடலைன்னா திமிருன்னு சொல்வாங்க. எனக்கு ஃபீல்டிங் பண்ணப் பிடிக்கும்டா. சும்மா லாங் ஆன்ல நின்னு பந்து பொறுக்கணும். அதுக்கு எவனும் கூப்பிட மாட்டேங்கறான்."

போன வாரம் லாங் ஆனுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று மெசேஜ் போட்டேன். நைட் ஷிப்ட் என்று பதில் வந்தது. ஒரு சிரிக்கிற பொம்மையும் சேர்த்து அனுப்பியிருந்தார், பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. மாமா அந்த மெல்போர்ன் ஸ்டம்பிங்கை இதுவரை பார்த்ததே இல்லை! மறுநாள் பேப்பரில் படித்ததோடு சரி. ஸ்கோர் கார்டில் அந்த ஒற்றை வரியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தாராம். நாற்பது வருடமாக அந்தப் பந்து இப்படி வந்தது, அப்படித் திரும்பியது, சாட்டையால் அடித்த மாதிரி சீறியது என்று கல்யாண வீடு, காது குத்து எதையும் விடாமல் எல்லாருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார். நான் யூடியூபில் தேடி எடுத்து போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மங்கலான வீடியோ, பத்து நொடிகூட இல்லை. பந்து வந்தது, மியாண்டட் இறங்கினார், ஸ்டம்ப் சிதறியது.

"அட... இவ்ளோ மெதுவாவா வந்துச்சு?" என்றார் மாமா. அப்புறம், "திரும்பப் போடு."